கிருமிகள் சார்பாகப் பெற்றுக்கொண்டேன்

எங்கள் நிலையத்தில் எந்தக் குழாயும் துருப்பிடிப்பதில்லை. அப்படி ஒரு சுற்றறிக்கை இருக்கிறது. நுழைவாயிலைத் தாண்டியதும் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டி வைத்திருக்கிறார்கள். சட்டம் தொங்கும் ஆணி துருப்பிடித்து, சுவரில் பழுப்பாக ஒழுகியிருக்கிறது. ஆணி குழாய் அல்ல என்பதால் அந்தச் சுற்றறிக்கை அதைக் கட்டுப்படுத்தாது.

கடலிலிருந்து தண்ணீரை இழுத்து, உப்பைப் பிரித்து, ஊருக்குக் குடிநீராக அனுப்பும் நிலையம் அது. நான் அங்கே உலோக ஆய்வாளர். கடல்நீர் சாதாரண இரும்பைத் தின்றுவிடும் என்பதால் குழாய்கள் எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். வீட்டில் எவர்சில்வர் என்கிறோமே, அந்த வகையறாதான், கொஞ்சம் உசத்தி. அது துருப்பிடிக்கிறதா என்று பார்ப்பது என் வேலையாக இருந்தது. சுற்றறிக்கை வந்த பிறகு, துருப்பிடிக்கவில்லை என்று பார்ப்பது என் வேலையானது. சம்பளத்தில் மாற்றமில்லை.

எனக்கு ஒரு திறமை உண்டு. தற்பெருமை என்று நினைக்காதீர்கள், ஊரறிந்த விஷயம். "துருப்பிடித்திருக்கலாம் எனக் கருதுவதற்கான வாய்ப்பு முற்றிலும் இல்லை என்று அறுதியிட்டுக் கூற இயலாத நிலை காணப்படுகிறது." இந்த வாக்கியம் நான் எழுதியது. இதைப் படித்த இயக்குநர் குழாய் நன்றாக இருக்கிறது என்று மகிழ்ந்தார். தணிக்கைக்கு வந்தவர் குழாய் போய்விட்டது என்று குறித்துக்கொண்டார். இரண்டு பேரும் தனித்தனியாக என் கையைக் குலுக்கினார்கள். என் மனைவி மட்டும்தான், "என்னங்க, துரு பிடிச்சிருக்கா, இல்லையா?" என்று கேட்டாள். நன்றாகப் படித்தவள்தான், ரசனைதான் போதாது.

எங்கள் இயக்குநரை முதுகுக்குப் பின்னால் எவர்சில்வர் என்று கூப்பிடுவோம். எதில் முக்கி எடுத்தாலும் அவர்மேல் கறை ஒட்டியதில்லை. முகத்துக்கு நேரே நான் அவரை 'சார்' என்பேன். ஒரு வாக்கியத்தில் எத்தனை 'சார்' வைக்கலாம் என்பதற்கு இலக்கணத்தில் வரம்பு எதுவும் இல்லை என்பதை அவர் முன்னால் நின்றுதான் கண்டுபிடித்தேன்.

கதை புதுக் குழாயில் ஆரம்பிக்கிறது. கடலிலிருந்து நிலையத்துக்கு இன்னொரு பெரிய குழாய் போட்டார்கள். அதைப் பற்றவைத்த வெல்டர் என் மச்சினி. மனைவியின் கூடப்பிறந்த தங்கை. சிபாரிசு எதுவும் இல்லை. நான் சிபாரிசு செய்திருந்தால் அவளுக்கு அந்த வேலை கிடைத்திருக்குமா என்று எனக்கே சந்தேகம். எங்கள் நிலையமே வைத்த தேர்வில் அவள் பற்றவைத்ததை வளைத்துப் பார்த்தார்கள், அறுத்துப் பார்த்தார்கள், எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார்கள். குறை கிடைக்கவில்லை. இயக்குநர் தன் கையாலேயே உரிமத்தில் கையெழுத்துப் போட்டு, அவளோடு போட்டோவும் எடுத்துக்கொண்டார். அந்த உரிமம் இருந்தால் எந்த ஊர்த் துறைமுகத்திலும் அவளுக்கு வேலை உண்டு. அது போனால் ஜன்னல் கம்பிகூடப் பற்றவைக்கக் கூப்பிட மாட்டார்கள்.

குழாய் முடிந்ததும் கடல்நீரை நிரப்பி, அழுத்தம் ஏற்றிச் சோதித்தோம். ஒரு பொட்டுகூடக் கசியவில்லை. அடுத்து செய்ய வேண்டியது எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்கும். கடல்நீரை உடனே வடித்துவிட வேண்டும், நல்ல தண்ணீர் விட்டு அலச வேண்டும், காயவைக்க வேண்டும். வடிகால் வால்வைத் திறக்கப் போன ஆளை இயக்குநர் தடுத்தார்.

"யாரைக் கேட்டு வடிக்கிறீங்க? அடுத்த வாரம் திறப்பு விழா. விருந்தினர் வந்து வால்வத் திருப்பின உடனே தண்ணி கொட்டணும். காலி குழாய்னா முதல்ல காத்துதான் வரும். புர்ர் புர்ர்னு சத்தம் வேற. விருந்தினர் முன்னால குழாய் இருமக்கூடாதுய்யா."

நான் அந்த இடத்தில்தான் இருந்தேன். என் கடமையைச் செய்தேன்.

"சார், கடல் தண்ணிய உள்ளேயே அடைச்சு வெச்சா, சில சூழ்நிலைகள்ல, ஒருவேளை, கிருமிகளோட செயல்பாடு காரணமா சார்..."

"ஒருவேளைதானே?"

"ஆமா சார், ஒருவேளைதான் சார்."

"அப்ப இருக்கட்டும்."

எவ்வளவு சுலபமாக என் கடமை முடிந்துவிட்டது என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

அடுத்த வாரம் விருந்தினருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. தொண்டை சரியானபோது அவர் வெளிநாட்டில் இருந்தார். திரும்பி வந்தபோது அவர் பதவியிலேயே இல்லை. புது விருந்தினரின் ஆட்கள் மேடையை அளக்க வந்தார்கள். மேடை விருந்தினரைவிடச் சின்னது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கோடை வந்தது, போனது. குழாய் வெயிலில் கிடந்தது, உள்ளே கடல் கிடந்தது. யாராவது அவசரப்பட்டு வடித்துவிடக் கூடாது என்று வடிகால் வால்வுக்கு அரக்கு முத்திரை வைத்தார்கள். முத்திரைக்கு ஒரு காவலாளியையும் வைத்தார்கள். 'விருந்தினர் வரும்வரை நீர் காத்திருக்க வேண்டும்' என்று சுற்றறிக்கையும் போட்டார்கள். தண்ணீர் அதற்குக் கட்டுப்பட்டது. தண்ணீருக்குள் இருந்தவற்றுக்கு நகல் அனுப்பப்படவில்லை.

கடல்நீர் என்பது உப்பும் தண்ணீரும் மட்டும் அல்ல. அதில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. எஃகைப் பார்த்ததும் அவை அதன்மேல் ஒட்டிக்கொண்டு வழவழவென்று ஒரு கூழ் பூசிக்கொள்ளும். துருப்பிடிக்காத எஃகுக்கு இயற்கையாகவே மெல்லிய தோல் ஒன்று உண்டு. கீறல் பட்டால், காற்று பட்டதும் அந்தத் தோல் தானாக ஆறிவிடும். அதன் பளபளப்புக்கெல்லாம் அந்தத் தோல்தான் காரணம். கூழ் மூடிய இடத்தில் காற்றுப் படாது, தோல் ஆறாது. அதோடு, அந்தக் கூழ் எஃகின் மின்னழுத்தத்தை ஏற்றிவிட்டு, தோல் கிழிவதற்குத் தோதாக்கிவிடும். தண்ணீர் ஓடாமல் தேங்கிவிட்டால், காற்றே வேண்டாத இன்னொரு வகைக் கிருமி உள்ளே குடியேறி, அழுகிய முட்டை நாற்றத்தோடு அரிக்க ஆரம்பிக்கும். பற்றவைத்த இடத்தை ஒட்டியும், குழாய் இணைப்பில் போடும் ரப்பர் வளையத்துக்கு அடியிலும் அவற்றுக்குக் கொண்டாட்டம். மேலே பார்த்தால் குண்டூசித் துளை. உள்ளே சொத்தைப் பல் மாதிரி பெரிய குழி. இவ்வளவும் எனக்குத் தெரியும். இதைத்தான் 'ஒருவேளை' என்று ஒரே சொல்லில் இயக்குநரிடம் சுருக்கமாகச் சொல்லியிருந்தேன்.

ஒருவழியாக விழா நாள் வந்தது. மேடையைப் பெரிதாக்கியிருந்தார்கள். பேண்டு வாத்தியம் வந்திருந்தது. இயக்குநர் பேசினார்.

"இந்தக் குழாயில ஓடப்போறது வெறும் தண்ணீர்னு நினைச்சிடாதீங்க. இதுல ஓடப்போறது எங்க நிர்வாகம்! எத்தனை மாசமா இதை உள்ளேயே பாதுகாத்து வெச்சிருக்கோம்! ஒரு சொட்டு வெளிய விடல! இன்னிக்கு எங்க உள்ளுக்குள்ள என்ன இருக்குன்னு நீங்களே பாருங்க!"

விருந்தினர் வால்வைத் திருப்பினார். முதலில் வாசனை வந்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் பக்கத்தில் இருந்தவரைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். அடுத்து, மை கரைத்த மாதிரி கறுப்பாகத் தண்ணீர் கொட்டியது. அழுத்தம் ஏற ஏற, குழாயின் நீளத்துக்கும் குண்டூசிப் பருமனில் தண்ணீர்த் தாரைகள் கிளம்பின. ஒன்று விருந்தினரின் வெள்ளைச் சட்டையில் நடு நெஞ்சில் அடித்தது. அவர் விலகினார். அங்கே இன்னொன்று காத்திருந்தது. நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கிய பெண் நல்ல சமர்த்து. "அடுத்ததாக, நீரூற்று நிகழ்ச்சி!" என்று அறிவித்தாள். கடைசி வரிசையில் கைதட்டினார்கள். நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லாததால் பேண்டுக்காரர்கள் வாசித்துக்கொண்டே இருந்தார்கள்.

மறுநாளே விசாரணைக் குழு அமைத்தார்கள். துளைகளில் முக்கால்வாசி பற்றவைத்த இடங்களை ஒட்டி இருந்ததால், குழு கூடுவதற்கு முன்பே முடிவு தயாராகிவிட்டது. மச்சினியின் உரிமத்தை நிறுத்தி வைத்தார்கள். விசாரணை முடிந்ததும் ரத்து செய்வார்கள்.

அவள் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். முகக்கவசத்தையும் கையுறைகளையும் போட்ட பையை மடியில் வைத்துக்கொண்டு சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தாள். எப்போதும் வந்ததும் வராததுமாக என்னைக் கிண்டல் பண்ணுகிறவள், அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது.

"மாமா, உண்மையச் சொல்லுங்க. நான் பத்தவெச்சதுல கோளாறா?"

"அப்படி முற்றிலுமா..."

"என்னங்க," என்றாள் மனைவி. அந்த ஒரு சொல்லில் அடுத்த பத்து வருடத்துக் குடும்ப வாழ்க்கை இருந்தது.

"இல்லம்மா. உன் வேலையில ஒரு கோளாறும் இல்ல. தண்ணிய வடிக்காம வெச்சாங்க. உள்ள கிருமி வளந்துது. அதுதான் தின்னுடுச்சு."

"கிருமி இரும்பத் தின்னுமா?"

"தின்னும்னா, நேராக் கடிக்காது. அது உக்காந்த எடத்துல எஃகோட தோல் ஆறாது. அங்க குழி விழும்."

"இத அங்க வந்து சொல்லுவீங்களா மாமா? இதே மாதிரி?"

எனக்கு மூத்த ஆய்வாளர் பதவி உயர்வு இயக்குநர் மேசையில் இருந்தது. அவர் பேனாவைத் திறந்தால் போதும் என்ற நிலை. நான் தண்ணீர் குடித்தேன். மனைவி தம்ளரைத் திருப்பி வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றாள்.

"சொல்றேன்," என்றேன்.

விசாரணைக் குழுத் தலைவர் ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற நாளிலிருந்து விசாரித்துக்கொண்டே இருக்கிறார். எதை விசாரித்தாலும் முதலில் அவர் நாற்காலியை விசாரிப்பார். அது ஆடவில்லை என்று தெரிந்த பிறகுதான் மற்றதெல்லாம். இயக்குநர் அவருக்குப் பக்கத்தில், உதவிக்காக உட்கார்ந்திருந்தார்.

நான் என் அறிக்கையை வாசித்தேன். பழக்கதோஷத்தில் 'கருத இடமுண்டு' அங்கங்கே வந்துவிட்டது. ஆனாலும் கிருமி என்ற சொல்லைத் தெளிவாக உச்சரித்தேன்.

"கிருமியா?" என்றார் தலைவர். "எஃகையா? பல் இருக்கா அதுக்கு?"

"பல் இல்ல சார்."

"பல்லே இல்லாம எப்படிக் கடிக்கும்? எனக்கே இப்ப கேரட் கடிக்க முடியல." குழு இதைக் குறித்துக்கொண்டது.

காவல் பிரிவு அதிகாரியைக் கூப்பிட்டார்கள். அவர் விறைப்பாக வந்து நின்றார். "அனுமதிச் சீட்டு இல்லாம எங்க வளாகத்துக்குள்ள யாரும் நுழைய முடியாது ஐயா. எந்தக் கிருமிக்கும் நாங்க சீட்டு குடுக்கல. இவ்வளவு கோடி பேர் உள்ள வந்திருந்தா என் ஆளுங்க கண்ணுல படாமப் போயிருக்குமா?"

"அது கண்ணுக்குத் தெரியாது சார்," என்றேன்.

"அப்ப எங்க மேல தப்பு இல்ல," என்றார் அவர். அதில் எனக்கும் உடன்பாடுதான்.

கடைசியில் ஒரு சோதனை செய்து பார்க்கச் சம்மதித்தார்கள். அதே குழாயிலிருந்து வெட்டிய எஃகுத் துண்டுகளைக் கடல்நீரில் போட்டு வைக்க வேண்டும். என் வாழ்க்கையிலேயே இவ்வளவு சுலபமான சோதனை இருந்ததில்லை. கடல் எங்கள் மதிலுக்கு அந்தப் பக்கம்தான். ஆய்வகத்தில் உட்கார்ந்திருந்தால் அலைச் சத்தம் கேட்கும்.

வாளியோடு கிளம்பிய என்னைக் கொள்முதல் பிரிவு நிறுத்தியது. ஆய்வகத்துக்குள் வரும் எந்தப் பொருளும் தரச்சான்று உள்ள விற்பனையாளரிடமிருந்துதான் வர வேண்டும். கடல் இதுவரை விண்ணப்பிக்கவில்லை. அதனால் குழாய்த் தண்ணீரில் உப்பைக் கலக்கிக் கொடுத்தார்கள். அதில் கிருமியே இல்லையே சார் என்று முறையிட்டேன். பெரிய மனது பண்ணி, சிறப்பு அனுமதியில் ஒரு வாளி உண்மையான கடல்நீரைக் கொண்டுவர விட்டார்கள். ஆனால் ஆய்வகச் சுத்த விதிப்படி வெளியிலிருந்து வரும் எந்தத் திரவத்தையும் நன்றாகக் கொதிக்க வைத்துத்தான் உள்ளே எடுக்க வேண்டும். கொதிக்க வைத்தார்கள். கடலைக் கொதிக்க வைப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். கிருமிகள் எல்லாம் செத்த பிறகு, கிருமிகள் என்ன செய்கின்றன என்று பார்ப்பதற்காக எஃகுத் துண்டை அதில் இறக்கினோம். துண்டு வாரக்கணக்கில் பளபளவென்று கிடந்தது. குழுத் தலைவர் அதை வெளியே எடுத்துப் பார்த்தார். அதில் தலை வாரிக்கொள்ளலாம் போல இருந்தது. வாரிக்கொண்டார்.

இதே நேரத்தில் எங்கள் வீட்டுக் குளியலறையில் இரண்டு வாளிகள் இருந்தன. ஒன்றில் கொதிக்க வைத்த கடல்நீர், இன்னொன்றில் கொதிக்க வைக்காதது. இரண்டிலும் ரப்பர் வளையத்தை இறுக்கிப் போட்ட எஃகுத் துண்டுகள். கொதிக்க வைக்காத தண்ணீரை மட்டும் அடிக்கடி கடலிலிருந்து எடுத்து வந்து மாற்றினேன். அலுவலக உடையோடு வாளியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். நடத்துநர் வாளிக்கும் டிக்கெட் கொடுத்தார். வீட்டில் எல்லாரும் குளிக்க என் வாளிகளைச் சுற்றி வளைந்து போனார்கள். எந்த வாளி எது என்று ஒருநாள் எனக்கே குழம்பிப்போய், விரலை விட்டு வழவழப்பைத் தடவிப் பார்த்துக் கண்டுபிடித்தேன். ஆராய்ச்சி என்பது இப்படித்தான் நடக்கிறது.

உயிருள்ள தண்ணீரில் கிடந்த துண்டின் வளையத்தைக் கழற்றியபோது, அடியில் பழுப்பு வளையமும் குழிகளும் இருந்தன. பற்றவைப்பே இல்லாத இடத்தில். கொதித்த தண்ணீர்த் துண்டு சுத்தமாக இருந்தது. அன்றைக்கு நான் குளியலறையில் கத்திய கத்தலில் மனைவி ஓடிவந்தாள். மச்சினிக்குப் போன் போட்டோம். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

இரண்டு துண்டுகளையும் துணியில் சுற்றிக் குழு முன்னால் வைத்தேன்.

"இது எங்க செஞ்சது?" என்றார் தலைவர்.

"எங்க வீட்டு பாத்ரூம்ல சார்."

"உங்க பாத்ரூமுக்கு அங்கீகாரம் இருக்கா?"

இல்லை. துணியைத் திரும்பச் சுற்றினேன்.

என் ஆராய்ச்சி அறிவுலகத்துக்கு ஆற்றிய பங்கு இத்துடன் முடிந்தது. இதற்குப் பிறகு நடந்ததற்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. மச்சினியின் உரிமத்தை ரத்து செய்யும் ஆணையைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது, அதில் 'உரிமம் வழங்கியவர்' என்று ஓர் இடம் காலியாக இருப்பதை எழுத்தர் கவனித்தார். அங்கே இயக்குநர் பெயர் வர வேண்டும். தகுதியில்லாதவருக்கு உரிமம் கொடுத்தது யார் என்று மேலே கேட்பார்கள். போட்டோ வேறு இருக்கிறது. அவள் தோளுக்குப் பக்கத்தில் பல் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறார்.

அன்று மாலை இயக்குநர் என்னைக் கூப்பிட்டார். எனக்கு நாற்காலி காட்டினார். இதுவரை அப்படி நடந்ததில்லை என்பதால் பயத்தில் விளிம்பில் உட்கார்ந்தேன்.

"கிருமி கிருமின்னு சொன்னீங்களே. நல்லா யோசிச்சுப் பாத்தேன். அதுங்களுக்கு மேலதிகாரி யாராவது உண்டா?"

"இல்ல சார்."

"சங்கம்? வழக்கறிஞர்? தெரிஞ்ச பத்திரிகைக்காரன்?"

"கிடையாது சார்."

"பிரமாதம்யா! நம்ம ஆளுங்க யார் மேல நடவடிக்கை எடுத்தாலும் அது சுத்தி வந்து நம்ம மேலயே விழுது. இது மாதிரி ஒரு குற்றவாளி இத்தனை வருஷமா கெடைக்காமப் போச்சே! உங்க அறிவியல ஏத்துக்கிட்டேன்."

என் அறிவியலை ஒருவர் ஏற்றுக்கொண்டது அதுதான் முதல் முறை. கண்ணீர் வரும்போல இருந்தது.

ஆனால் குழுத் தலைவர் விதிகளில் கறார். குற்றம் சாட்டப்பட்டவருக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை கொடுக்காமல் தண்டிக்க முடியாது என்றார். கிருமிகளுக்காக யாராவது அதைப் பெற்றுக்கொள்ள வேண்டும். பெறுவதற்கு ஆள் இல்லையென்றால் விவகாரம் பழையபடி வெல்டரிடமே போகும். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"இவருக்குத்தான் அதுங்களத் தெரியும்," என்றார் காவல் அதிகாரி. "வீட்லகூட வளக்கிறாராம்."

"என்ன தண்டனை வந்தாலும் கையெழுத்துப் போட்டவர் பணிப் பதிவுலதான் ஏறும்," என்றார் தலைவர். "யோசிச்சுக்குங்க."

யோசித்தேன். பதவி உயர்வை யோசித்தேன். அதற்கென்று தைத்து வைத்திருந்த கோட்டை யோசித்தேன். மடியில் பையோடு சோபா ஓரத்தில் உட்கார்ந்திருந்தவளை யோசித்தேன். 'கிருமிகள் சார்பாகப் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கொடுத்தேன்.

விளக்கத்தை வீட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினேன். "எங்கள் செயல்பாடு காரணமாக இருந்திருக்கலாம் எனக் கருத" என்று ஆரம்பித்து, நிறுத்தினேன். கிருமிகள் ஏன் இப்படி எழுத வேண்டும்? அவற்றுக்குப் பதவி உயர்வு வர வேண்டியதில்லை. இயக்குநரைப் பார்த்து எழுந்து நிற்க வேண்டியதில்லை. அந்த வரியை அடித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். பேனா தானாக ஓடியது.

'நாங்கள் கதவை உடைத்துக்கொண்டு வரவில்லை. கடல்நீரோடு வந்தோம். அன்றே வடித்திருந்தால் அன்றே போயிருப்போம். வடிக்கக் கூடாது என்று சொன்னவர் இயக்குநர். ஓட்டமில்லை, காற்றில்லை, வெளிச்சமில்லை, என்ன நடக்கிறது என்று யாரும் எட்டிப் பார்க்கவுமில்லை. வாசலில் காவலும் போட்டுக் கொடுத்தார்கள். வளர்ந்தோம். துளை எங்களுடையது. வெல்டருக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. தெரிந்திருந்தும் ஒருவேளை என்று மழுப்பிய ஆய்வாளருக்கு உண்டு.'

மனைவி என் தோளுக்கு மேலாகப் படித்தாள். "இப்பத்தாங்க புரியற மாதிரி எழுதியிருக்கீங்க," என்றாள். திருமணமாகி இத்தனை காலத்தில் என் நடையைப் பற்றி அவள் சொன்ன ஒரே நல்ல வார்த்தை. அதையும் கிருமிகளுக்குத்தான் சொன்னாள்.

குழுவில் அதை வாசித்தபோது இயக்குநர் முகத்தில் நிறம் மாறியது. பழுப்பு என்று சொல்ல முடியாது, ஆனால் அந்தப் பக்கம்தான்.

"இதெல்லாம் குற்றவாளி பேசுற பேச்சு," என்றார் தலைவர் சட்டென்று. "உயரதிகாரி பெயரைக் களங்கப்படுத்துது. இதுவே குற்றத்துக்கு ஆதாரம்."

தீர்ப்பு வந்தது. குழாயைச் சேதப்படுத்தியது, அனுமதியின்றி வளாகத்தில் தங்கியது, மேலதிகாரியை அவமதித்தது ஆகிய குற்றங்களுக்காகக் கிருமிகள் நிலையத்திலிருந்து நிரந்தரமாக வெளியேற்றப்பட்டன. அறிவிப்பை வடிகாலுக்குப் பக்கத்தில் ஒட்டினார்கள். கிருமிகளின் பதவி உயர்வும் காலவரையின்றி நிறுத்தி வைக்கப்பட்டது. அது என்னுடையது. மச்சினியின் உரிமம் திரும்ப வந்தது. அன்று அவள் வீட்டுக்கு வந்து, வந்ததும் வராததுமாக, "என்ன கிருமி மாமா, எப்படி இருக்கீங்க?" என்றாள். எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

ஓட்டைக் குழாயைக் கழற்றிவிட்டுப் புதுசு போட்டார்கள். அவளேதான் பற்றவைத்தாள். கடல்நீர் நிரப்பி, அழுத்தம் ஏற்றிச் சோதித்தோம். ஒரு பொட்டுகூடக் கசியவில்லை. இயக்குநர் வந்து பார்த்தார். திருப்தியாகத் தலையாட்டினார்.

"அடுத்த வாரம் விருந்தினர் வர்றாங்க. தண்ணி உள்ளேயே இருக்கட்டும். போன தடவை மாதிரி ஆகாது. அதுங்களத்தான் வெளியேத்திட்டோமே."

எல்லாரும் டீ குடிக்கப் போனார்கள். நானும் கூடப் போனேன். பாதி வழியில் என் கால்கள் திரும்பிவிட்டன. நான் சொல்லித் திரும்பவில்லை, அதற்கு எனக்கு அவ்வளவு துணிச்சல் போதாது. வடிகால் வால்வின் சக்கரத்தைப் பிடித்துத் திருப்பினேன். பாதிதான் திரும்பியது. பின்னாலிருந்து இன்னும் இரண்டு கைகள் வந்து சக்கரத்தைப் பிடித்தன, கையுறை போட்ட கைகள். கடல் கடலுக்குப் போயிற்று. அப்புறம் அவள் நல்ல தண்ணீர்க் குழாயை இழுத்து வந்து மாட்டினாள். அலசி முடித்தபோது இரண்டு பேரும் முழுக்க நனைந்திருந்தோம்.

காவல் அதிகாரி ஓடிவந்தார். அவருக்குப் பின்னால் இயக்குநர், கையில் டீ கோப்பையோடு.

"யாரு? யாருய்யா திறந்தது?"

என் சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே வீரச்செயல் அது. நிமிர்ந்து நின்று, அவர் கண்ணைப் பார்த்தேன்.

"கிருமிங்க சார்," என்றேன்.

இயக்குநர் என்னையே பார்த்தார்.

"விளக்கம் எழுதிக் குடுக்கச் சொல்லவா சார்? போன தடவை எழுதின மாதிரியே?"

"வேணாம்," என்றார் அவசரமாக. "வேணாம், வேணாம்."

திறப்பு விழாவில் விருந்தினர் வால்வைத் திருப்பினார். குழாய் இருமியது. ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி, வாய்விட்டு நன்றாக இருமியது. அப்புறம் தண்ணீர் வந்தது, தெளிவாக.